வெறுந்தலை வீரம்

மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைகளின் இரைச்சலுக்கு நடுவே உட்கார்ந்து கதை எழுதுகிறவனுக்கு யுத்தத்தைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். ஒன்றுமே இல்லை. நான் துப்பாக்கியைத் தொட்டவன் அல்ல. என் நாவல்களில் இரண்டே இரண்டு பட்டாளத்துக்காரர்கள் வருகிறார்கள். இருவரும் லீவில் ஊருக்கு வந்தவர்கள். லீவு முடிந்ததும் அவர்களைத் திருச்சி ஜங்ஷனில் ரெயில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கதையை முடித்துக்கொண்டேன். அதற்கு மேல் அவர்களோடு போக எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

ஆனாலும் இந்த விஷயத்தில் தலையிடுகிறேன். விஷயமே தலையைப் பற்றியதுதான்.

ஸ்ரீரங்கத்திலிருந்து என் நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரில் வருவார். காலேஜில் சரித்திரம் போதித்து ஓய்வு பெற்றவர். ஏதாவது வாதம் செய்யாவிட்டால் அவருக்குக் காபி இறங்காது. சென்ற மாதம் அவர் கையில் ஒரு பத்திரிகை இருந்தது. அதில் ஒரு படம். காஷ்மீரத்தில் ஏதோ ஒரு சந்தில் ரோந்து போகும் சிப்பாய்கள். இரண்டு பேர் தலையில் ஹெல்மெட். மூன்றாமவன் தலையைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை மட்டும் இருந்தது. உச்சந்தலை திறந்து கிடந்தது.

"பாரும் ஓய், இவன்தான் அனுபவஸ்தன்" என்று மூன்றாமவனைத் தொட்டுக் காட்டினார் நண்பர். "எதிரே அணிவகுத்து நிற்கிற சேனையோடு போர் செய்கிறவனுக்கு ஹெல்மெட் வேண்டும். மறைந்திருந்து அடித்துவிட்டு ஓடுகிறவனோடு மல்லுக்கு நிற்கிறவனுக்கு அது எதற்கு? அவனுக்குக் கண்ணும் காதும்தான் கவசம். ஏ.கே. துப்பாக்கிக் குண்டு ஹெல்மெட்டைத் துளைத்துக்கொண்டு போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். துளைபடுவதற்கென்றே ஒரு சட்டியை நாள் பூராவும் சுமப்பானேன்?"

சரித்திரப் பேராசிரியர் அல்லவா? உடனே சரித்திரத்துக்குப் போய்விட்டார். அதற்கு அவர் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் தாலுகாவைச் சேர்ந்த சமயபுரத்தில் 1752 ஏப்ரலில் ராபர்ட் கிளைவ் முகாம் போட்டிருந்தான். ஸ்ரீரங்கம் தீவில் பிரெஞ்சுக்காரர்கள். ஒருநாள் இரவு அங்கிருந்து ஒரு படை புறப்பட்டு வந்தது. அதில் ஆங்கிலேயப் பட்டாளத்தைவிட்டு ஓடிப்போய் அவர்களிடம் சேர்ந்த ஆங்கிலேயர்களும் இருந்தார்கள். காவல்காரன் அதட்டியபோது அவர்கள் தங்கள் சொந்த பாஷையிலேயே பதில் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்துவிட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்த கிளைவின் காலடியில் இருந்த பெட்டி குண்டு பட்டு நொறுங்கியது. பக்கத்தில் படுத்திருந்த வேலைக்காரன் செத்தான். விடிந்த பிறகு, காயம்பட்ட கிளைவ் இரண்டு சார்ஜெண்டுகளின் தோளில் சாய்ந்துகொண்டு கோயில் வாசலுக்கு வந்து, உள்ளே இருந்தவர்களைச் சரணடையச் சொன்னான். உள்ளே இருந்து ஒருவன் சுட்டான். ஒரே குண்டு இரண்டு சார்ஜெண்டுகளையும் துளைத்தது. நடுவில் இருந்த கிளைவ் பிழைத்துக்கொண்டான். ஆர்ம் எழுதிய சரித்திரத்தில் இதெல்லாம் இருக்கிறது.

"மூன்று பேர் தலையிலும் இரும்பு இல்லை. செத்தவன் செத்தான், பிழைத்தவன் பிழைத்தான். எதிரி யார், நம்மவன் யார் என்றே தெரியாத போரில் ஹெல்மெட் என்ன செய்யும் ஓய்?" என்று முடித்தார்.

நல்ல கதைதான். நான்கூட நாவலில் உபயோகித்துக்கொள்ளலாம். ஆனால் அது வாதமாகாது. 1752-இல் பறந்த ஒரு மஸ்கட் குண்டை வைத்துக்கொண்டு இன்றைய சிப்பாயின் தலைக்குத் தீர்ப்பு எழுத முடியாது. இந்தத் தீர்ப்பை நண்பர் மட்டும் எழுதவில்லை. படித்தவர்கள் பலர், பட்டாளத்தின் பேரில் பக்தி உள்ளவர்கள் பலர், இப்படித்தான் பேசுகிறார்கள். ஹெல்மெட் இல்லாமல் போகிறவனைப் பார்த்து மெய்சிலிர்க்கிறார்கள். அந்த மெய்சிலிர்ப்பின் பேரில்தான் எனக்குக் கோபம்.

முதலில் இந்தக் குண்டு விஷயத்தைப் பார்ப்போம். ஹெல்மெட் ரைபிள் குண்டைத் தடுக்காது என்பது ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த ரகசியம் மாதிரி சொல்லப்படுகிறது. அதைத் தடுக்கும் என்று யார் சொன்னார்கள்? 1914-இல் ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கியபோது பிரெஞ்சுச் சிப்பாய் துணித் தொப்பியோடு போனான். ஜெர்மானியன் உச்சியில் கூர்முனை வைத்த தோல் தொப்பியோடு வந்தான். பீரங்கிக் குண்டுகள் தலைக்கு மேலே வெடித்துத் துண்டு துண்டாகச் சிதறின. பதுங்குகுழியில் இருப்பவனுக்கு உடம்பெல்லாம் மண்ணுக்குள் இருக்கிறது. தலை ஒன்றுதான் வெளியே. அதனால்தான் 1915-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்ரியான் என்பவர் உருவாக்கிய எஃகுத் தொப்பியைக் கொடுத்தார்கள். ஆங்கிலேயர்களும் அதே வருஷத்தில் கவிழ்த்த தட்டு மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். மறு வருஷம் ஜெர்மானியரும் கொடுத்தார்கள். அந்தத் தொப்பிகள் செய்யப்பட்டது மேலேயிருந்து விழும் சிதறலுக்காக. நேரே பாய்ந்து வரும் ரைபிள் குண்டுக்காக அல்ல.

எங்கள் தெருவில் மூட்டை தூக்குகிறவர்கள் தலையில் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொள்கிறார்கள். சும்மாடு மூட்டையின் கனத்தில் ஒரு பலம்கூடக் குறைப்பதில்லை. அதற்காக, 'இது எதற்கு?' என்று எந்தத் தொழிலாளியும் அதை வீசி எறிந்து நான் பார்த்ததில்லை. எதற்காக வைத்துக்கொள்கிறோம் என்பது அவனுக்குத் தெரியும். பேராசிரியர்களுக்குத்தான் தெரியவில்லை.

சரி, மறைந்திருந்து தாக்குகிறவனின் ஆயுதம் என்ன? இந்த மாதிரிப் போர் எங்கள் பக்கத்துக்கு அந்நியமானதல்ல. 1801 ஜூனில் சின்ன மருது தன் பிரகடனத்தைத் திருச்சிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டச் செய்துவிட்டுக் காட்டுக்குள் இருந்து கும்பெனியோடு போர் செய்தபோது, அவனுடைய ஆட்களிடம் வேலும் வளரியும் இருந்தன. இன்று காட்டுக்குள் இருப்பவனிடம் இருப்பது வேறு. கண்ணிவெடி, கைக்குண்டு, மார்ட்டர் எல்லாமே வெடித்துச் சிதறுகிற சாமான்கள். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப் படை சுமார் 1,200 பேரை இழந்தது. அங்கே போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், ரோட்டில் கால் வைக்கவே பயந்த கதையைத்தான் முதலில் சொல்வார்கள். நம் தேசத்திலேயே, 1993 ஏப்ரல் 9-ஆம் தேதி, பாலாறு அருகே வீரப்பன் கும்பல் ரோட்டில் புதைத்த கண்ணிவெடியில் 22 பேர் மாண்டார்கள். ஹெல்மெட் இருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. காலுக்கு அடியில் வெடிக்கிற வெடிக்குத் தலையில் என்ன போட்டிருந்து என்ன? ஆனால் வெடித்த இடத்திலிருந்து பத்து கஜம், இருபது கஜம் தள்ளி நடந்து வருகிறவன் ஒருவன் எப்போதும் இருக்கிறான். அவன் மீது பறந்து வருவது ஆணி, கல், இரும்புத் துண்டு. ஹெல்மெட் அவனுக்காக. மறைந்திருந்து தாக்கும் போரில் ஹெல்மெட் தேவையில்லை என்கிறவர்கள் அந்த இரண்டாவது ஆளை மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவு நேரமும் திண்ணைப் படியில் டம்ளரோடு உட்கார்ந்திருந்த இன்னொருவரைப் பற்றி நான் சொல்லவில்லை. பக்கத்து ஆலையில் மேற்பார்வை பார்க்கிறவர். ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்ணூறுகளில் காஷ்மீரத்தில் இருந்தார். பட்டாளத்தைப் பற்றி நாங்கள் பேசும்போது அவர் அநேகமாக வாய் திறப்பதில்லை. அன்று பத்திரிகைப் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பட்கான்னு பேரு சார்" என்றார்.

நண்பருக்கு ஒரே உற்சாகம். "சொல்லுங்கோ! ஹெல்மெட்டை விட்டுட்டு இதை ஏன் கட்டிண்டேள்? கண்ணுக்கும் காதுக்கும் சௌகரியம், அதுதானே?"

"சௌகரியமா?" ஹவில்தார் சிரித்தார். "துணிக்குள்ளே இரும்புத் தகடு. ரெண்டரைக் கிலோ வரும். சாயங்காலம் கழட்டினா கழுத்து நம்ம கழுத்தா இருக்காது. எங்களுக்குக் கொடுத்த ஹெல்மெட் ஃபைபர்லே செஞ்சது. அது ஏ.கே.வைத் தாங்காது. குனிஞ்சா கண்ணை மறைக்கும், ஓடினா ஆடும். பட்கா நெத்தியிலே வர்ற ஏ.கே. குண்டைத் தாங்கும்னாங்க. அதனாலே கட்டினோம். மேலே ஒண்ணும் கிடையாது, தொறந்துதான் இருக்கும். அந்த ஊர் வீடெல்லாம் மாடி வீடு சார். போடுறவன் மாடியிலேருந்துதானே போடுவான்?"

நண்பர் படத்தை மறுபடியும் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த மூன்றாமவன் அனுபவஸ்தன்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவன் ஹெல்மெட் வேண்டாம் என்று தள்ளியவன் அல்ல. உச்சியை மூடினால் நெற்றி போகிறது, நெற்றியை மூடினால் உச்சி போகிறது என்ற நிலையில், தலையில் எந்தப் பாகத்தைக் காப்பாற்றிக்கொள்வது என்று கணக்குப் போட்டவன். அந்தக் கணக்கைப் போடும்படி அவனை விட்டது யார்?

காஷ்மீரத்தில் கலகம் மூண்டது எண்பதுகளின் கடைசியில். இந்தியப் பட்டாளத்துக்குப் புதிய மாதிரி ஹெல்மெட் மொத்தமாகக் கிடைக்கப் போகிறது என்ற செய்தி வந்தது 2017-இல். கான்பூரில் உள்ள எம்.கே.யு. கம்பெனிக்கு 1,58,000 ஹெல்மெட்டுக்கு ஆர்டர். தொகை 170 முதல் 180 கோடி ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. வகுத்துப் பார்த்தேன். தலைக்குப் பதினோராயிரம் ரூபாய் சொச்சம் வருகிறது. 'தலைக்கு' என்ற வார்த்தை இவ்வளவு சரியான அர்த்தத்தில் எனக்கு என்றும் அகப்பட்டதில்லை. என் வீட்டுக்குப் பால் ஊற்றும் பையன் சட்டைப் பையில் வைத்திருக்கும் டெலிபோன் அதைவிட விலை அதிகம். இந்தப் பதினோராயிரத்துக்குச் சிப்பாய் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தான். காத்திருந்த காலத்தில் அவனுக்கு நாம் கொடுத்தது புகழ்ச்சி. 'பார், ஹெல்மெட்கூட இல்லாமல் போகிறான்!' புகழ்ச்சிக்கு டெண்டர் விட வேண்டியதில்லை, பரீட்சை செய்து பார்க்க வேண்டியதில்லை, காசும் செலவில்லை.

அந்தப் புதிய ஹெல்மெட்டும் கைத்துப்பாக்கியின் 9 மில்லிமீட்டர் குண்டைத்தான் தாங்கும், ஏ.கே.வைத் தாங்கும் என்று யாரும் சொல்லவில்லை. 'பார்த்தீரா!' என்பார் நண்பர். ஆனால் 2020-இல் அனூப் மிஷ்ரா என்ற ராணுவ மேஜர், பத்து மீட்டர் தூரத்திலிருந்து சுடும் ஏ.கே. குண்டையும் தாங்கும் ஹெல்மெட்டைச் செய்திருக்கிறார் என்று செய்தி வந்தது. முடியாது, முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தவர்கள் முயற்சி செய்தவர்கள் அல்ல என்பது மட்டும் எனக்கு இதிலிருந்து தெரிகிறது. எங்கள் திருச்சியில் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை நடக்கிறது. ஏ.கே. போடும் அதே ரகக் குண்டைப் போடும் துப்பாக்கி ஒன்றைத் திருச்சியின் பெயரையே வைத்துச் செய்கிறார்கள். துளைக்கிறதற்கு வேண்டிய சாமானைச் செய்ய நமக்கு மூளையும் பணமும் இருக்கும்போது, துளைபடாமல் இருப்பதற்கு மட்டும் ஏன் பஞ்சம் வர வேண்டும்?

ஹெல்மெட் இல்லாமல் போவது போர்த் தந்திரம் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 1948 முதல் 1960 வரை மலாயாக் காடுகளில் பிரிட்டிஷ் பட்டாளம் துணித் தொப்பியோடு திரிந்தது. எதிரியிடம் பீரங்கி கிடையாது. புதருக்குள் சில கஜ தூரத்தில் சந்திப்பு, சில விநாடிகளில் முடிந்துவிடும். கிளை முறியும் சப்தம் கேட்காதவன் செத்தான். அங்கே காதை மூடாத தொப்பிதான் புத்திசாலித்தனம். அக்கினி நட்சத்திரத்தில் எங்கள் ஊர் வெயிலில் பத்து நிமிஷம் நின்றவனுக்கு உஷ்ணம் என்னும் வாதமும் புரியும். ஆனால் காட்டில் சரியானதை நகரத்துச் சந்துக்குக் கொண்டுவருகிறபோதுதான் விபரீதம். 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகதிஷு நகரத்தில் இறங்கிய அமெரிக்க விசேஷப் படையினரில் சிலர், கனமான ஹெல்மெட் வேண்டாமென்று விளையாட்டுக்காரர்கள் போடும் பிளாஸ்டிக் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போனார்கள். உலகத்திலேயே மிகுந்த பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். தெருத் தெருவாக ஜன்னலிலிருந்தும் மாடியிலிருந்தும் சுட்டார்கள். அவர்களில் ஒருவர் தலையில் குண்டு பட்டு இறந்தார். அதற்குப் பிறகு அந்தப் படைக்காரர்களே, லேசாகவும் இருக்க வேண்டும், காப்பாற்றவும் வேண்டும் என்று வேறு ஹெல்மெட்டைத் தேடினார்கள். ஹெல்மெட்டே வேண்டாம் என்று அவர்கள் முடிவு கட்டவில்லை.

இன்னொரு வாதம் இருக்கிறது. அதைக் கேட்டால்தான் எனக்கு உண்மையில் ஆத்திரம் வருகிறது. மறைந்திருந்து நடக்கும் போரில் ஜனங்களின் மனத்தை ஜெயிப்பதுதான் முக்கியமாம். ஹெல்மெட் போட்டவனைப் பார்த்தால் ஜனங்களுக்குப் பயம் வருமாம். முகம் தெரியும்படி தொப்பியோடு போனால் நம்பிக்கை வருமாம். 2003-இல் ஈராக்கில் பஸ்ரா நகரத்தில் பிரிட்டிஷார் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் துணித் தொப்பியோடு ரோந்து போனார்கள். 'ஆஹா, இதுவல்லவோ ராஜதந்திரம்!' என்று பத்திரிகைகள் மெச்சின. ரோட்டோர வெடிகள் பெருகப் பெருக ஹெல்மெட்டுகள் மறுபடி தலைக்கு ஏறின. 2007-இல் அவர்கள் ஊரைவிட்டே விலகி விமான நிலையத்துக்குப் போய்விட்டார்கள்.

ஜனங்களின் நம்பிக்கை வேண்டியதுதான். ஆனால் அதைச் சம்பாதிக்க வேண்டியது யார்? நல்ல நிர்வாகம், நியாயமான கோர்ட்டு, வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிற மந்திரிகள். இவர்களெல்லாம் சம்பாதிக்கத் தவறியதை இருபத்திரண்டு வயதுப் பையனின் திறந்த தலை சம்பாதித்துத் தர வேண்டுமா? ஜனங்கள் அவ்வளவு அசடுகள் அல்ல. கையில் துப்பாக்கி இருக்கிறவன் தலையில் என்ன போட்டிருக்கிறான் என்று பார்த்தா அவர்கள் பயப்படுகிறார்கள்? அவனுடைய நடத்தையைப் பார்த்துப் பயப்படுவார்கள். அல்லது பயப்படாமல் இருப்பார்கள்.

சிப்பாயின் தலையை மேலே உட்கார்ந்திருக்கிறவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு உபயோகிப்பது பழைய வழக்கம். 1806 ஜூலையில் வேலூரில் கலகம் வெடித்ததற்கு என்ன காரணம்? தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையைப் போட்டுக்கொள், நெற்றிச் சின்னத்தை அழி, தாடியை எடு என்று சென்னைப் பட்டாளத்துக்கு வந்த உத்தரவு. அன்று 'போடு' என்றார்கள், இன்று 'கழற்று' என்கிறார்கள். இரண்டு உத்தரவையும் பிறப்பித்தவர்களின் தலை பத்திரமாக இருந்தது.

சீக்கியச் சிப்பாய்களுக்கு என்று 12,730 ஹெல்மெட்டுகள் வாங்கப் போகிறார்கள் என்று 2023 ஜனவரியில் செய்தி வந்தபோது, அமிர்தசரஸிலிருந்து ஆட்சேபம் எழுந்தது. 'உம்முடைய வாதம் அவர்களிடம் செல்லுமா?' என்று நண்பர் என்னை மடக்கினார். செல்லாது, செல்ல வேண்டியதும் இல்லை. இரண்டு உலக யுத்தங்களிலும் தலைப்பாகையோடு போரிட்டவர்கள் அவர்கள். தன் தர்மத்துக்காக ஒருவன் தன் தலையைப் பணயம் வைப்பது அவன் பாடு. பிறத்தியான் தலையை நாம் நம்முடைய மெய்சிலிர்ப்புக்காகப் பணயம் வைப்பது வேறு சங்கதி. இரண்டையும் ஒரே தராசில் போடுகிறவரோடு நான் பேசத் தயாராக இல்லை.

1999-இல் கார்கில் யுத்தத்தில், பட்டாலிக் மலையில் உயிர்நீத்த மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அவருடைய மரணத்தை என் கட்சிக்குச் சாட்சியாக இழுக்க மாட்டேன். அதற்கு எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தச் சின்னத்துக்கு வருஷா வருஷம் மாலை போடுகிறவர்களில் எத்தனை பேர், இப்போது எல்லையில் நிற்கிற பையன் தலையில் என்ன இருக்கிறது என்று தங்கள் பார்லிமெண்ட் அங்கத்தினருக்கு ஒரு கார்டு எழுதிக் கேட்டிருப்பார்கள்? நானும் கேட்டவன் இல்லை. இந்தக் கட்டுரைதான் என் முதல் கார்டு.

அன்று வாதம் எப்படி முடிந்தது என்று கேட்டால், முடியவில்லை. "நீங்களே சொல்லுங்கோ, உங்களுக்கு இரண்டையும் முன்னால் வைத்தால் எதைப் போட்டுக்கொள்வீர்கள்?" என்று நண்பர் ஹவில்தாரைக் கேட்டார். "நெத்தியும் உச்சியும் சேர்ந்து மூடுற மாதிரி ஒண்ணு வெச்சா அதை எடுத்துக்குவேன் சார். எங்க காலத்திலே யாரும் அப்படி ஒண்ணை முன்னாலே வைக்கலையே" என்றார் அவர்.

பொழுது சாயும் நேரத்தில் நண்பர் கிளம்பினார். ஸ்கூட்டரின் முன்பக்கக் கொக்கியில் ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது. 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து நம் ராஜ்யத்தில் எல்லோரும் போட்டே ஆக வேண்டும் என்று ஹைகோர்ட்டு கண்டிப்பாக உத்தரவிட்டதும் அவர் வாங்கியது. புதுக்கருக்குக் கலையவில்லை. டோல்கேட்டில் போலீஸ்காரர் நிற்பார், அங்கே போய்ப் போட்டுக்கொள்வேன் என்று அவர் எப்போதும் சொல்கிற மாதிரியே சொன்னார்.

"கொஞ்சம் இருங்க சார்" என்று ஹவில்தார் எழுந்து போனார். கொக்கியிலிருந்து அதை எடுத்து, துண்டால் தூசியைத் தட்டி, நண்பரின் தலையில் வைத்து, மோவாய்க்குக் கீழே வாரைப் பூட்டினார். ஒரு விரலை உள்ளே விட்டு இறுக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு திரும்பி வந்து படியில் உட்கார்ந்து, ஆறிப்போன மிச்சக் காபியைக் குடித்தார். நண்பர் ஒன்றும் சொல்லாமல் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார்.